பாதியில் நின்ற அப்டேட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மொபைல் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அப்டேட் போட்டேன், லோகோவிலேயே நிக்குது" என்பார் வந்தவர். "ரீசெட் அடிச்சா சரியாயிடும்" என்பார் கடைக்காரர். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் பல குடும்பங்களின் ஐந்தாறு வருடப் போட்டோக்கள் இல்லாமல் போகின்றன. தோற்றுப்போன அப்டேட் தானாக எதையும் அழிப்பது அரிது. அதன் பிறகு பதற்றத்தில் செய்யும் வைத்தியம்தான் அழிக்கிறது. அந்தப் பதற்றத்தை வளர்க்கும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: அப்டேட் பாதியில் நின்றால் போன் டெட்.

பத்து வருடங்களுக்கு முன் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை. 2016இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது கூகுள் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடங்கள். நீங்கள் ஏ-யில் இருந்தபடி போனில் பேசிக்கொண்டிருப்பீர்கள். புதிய பதிப்பு சத்தமில்லாமல் பி-யில் எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்ததும் போன் பி-யிலிருந்து எழ முயலும். சில முறை முயன்றும் முடியவில்லை என்றால் ஏ-க்கே திரும்பிவிடும். பழைய பதிப்பு அங்கே அப்படியே இருக்கும். "அப்டேட் தோல்வி" என்ற அறிவிப்போடு போன் வழக்கம்போல் ஓடுகிறது என்றால் இந்த ஏற்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள்.

எல்லா நிறுவனங்களும் இதை உடனே ஏற்கவில்லை. சாம்சங் 2024இல் கேலக்ஸி ஏ55 மாடலில்தான் தொடங்கியது. இந்த வசதி இல்லாத பழைய போன்களில்கூட, ரெக்கவரி என்ற தனிப் பகுதி விட்ட இடத்திலிருந்து நிறுவலைத் தொடர முயலும். ஆகவே திரையில் கோடு நகர்ந்துகொண்டிருக்கும்வரை எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள். சார்ஜரைச் செருகிவிட்டுக் காத்திருங்கள். ஐபோனிலும் ஐபேடிலும் ஒரு மணி நேரமாகியும் கோடு துளியும் நகரவில்லை என்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆண்ட்ராய்டு போன் லோகோவிலேயே நெடுநேரம் உறைந்து நின்றால், பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மாடலுக்கு மாடல் இது சற்று மாறும். கட்டாய ரீஸ்டார்ட் எதையும் அழிப்பதில்லை.

நம்பிக்கை: ரீசெட் அடித்தால் பழைய வெர்ஷன் திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இதுதான். ஃபேக்டரி ரீசெட் உங்கள் போட்டோ, சாட், கோப்புகளை அழிக்கும், இயங்குதளத்தைத் தொடாது. அப்டேட் ஏறியிருந்தால், அழித்த பிறகும் அதே புதிய பதிப்புதான் இருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைப் பெரும்பாலும் நிறுவனங்களே அடைத்துவிடுகின்றன. ஆப்பிள், பழைய பதிப்புகளுக்கு ஒப்புதல் தருவதைச் சில நாட்களிலோ வாரங்களிலோ நிறுத்திவிடும். 2022இல் ஆண்ட்ராய்டு 13க்கு மாறிய பிக்சல் 6 போன்களை 12க்குத் திருப்ப முடியாதபடி கூகுள் செய்தது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்பை யாரும் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்பதே காரணம்.

"அழிஞ்சா என்ன, ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்" என்று தைரியம் சொல்பவர்களை நம்பாதீர்கள். இன்றைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ரீசெட் அதன் சாவியை அழித்துவிடுகிறது. பெட்டியை விட்டுவிட்டுச் சாவியை உருக்கிவிட்டதுபோல. அந்தச் சாவியை வார்க்க இனி எந்தக் கடையாலும் ஆகாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், ரெக்கவரி வழியாக ரீசெட் செய்த போன் முன்பிருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை மறந்த பெரியவர்களுக்குப் போட்டோவும் போய், போனும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே ரெக்கவரி திரைக்கு வந்தால் படித்துவிட்டு அழுத்துங்கள். "ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, தரவு பழுதாகியிருக்கலாம்" என்ற செய்தி வந்தால் அதில் இரண்டு வழிகள் இருக்கும். முதலில் "ட்ரை அகெய்ன்". "ஃபேக்டரி டேட்டா ரீசெட்" எல்லா வழியும் அடைபட்ட பிறகு. சாம்சங் போன்கள் பலவற்றில் "ரிப்பேர் ஆப்ஸ்" என்ற தேர்வும் உண்டு. அது தரவைத் தொடாமல் செயலிகளைச் சீர்செய்யும். ஐபோனைக் கணினியில் இணைத்து ரெக்கவரிக்குப் போனால் "அப்டேட்", "ரீஸ்டோர்" என்று இரண்டு பட்டன்கள் வரும். அப்டேட் என்பதுதான் தரவை விட்டுவைத்து இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவும். டவுன்லோடுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேலானால் போன் ரெக்கவரியிலிருந்து வெளியே வந்துவிடும். அது கோளாறு அல்ல. டவுன்லோடு முடிந்ததும் அதே பட்டன்களை அழுத்தி மறுபடி உள்ளே போகலாம்.

நம்பிக்கை: அப்டேட் இறங்கவில்லை என்றால் நெட் சரியில்லை.

நெட் ஒரு காரணம், அவ்வளவுதான். இடப் பற்றாக்குறை இன்னொன்று. கோப்பு இறங்குவதற்கு மட்டுமல்ல, அதை விரித்து நிறுவவும் இடம் வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த போன்கள் பலவும் இந்தத் தற்காலிக இடத்தை உங்கள் ஸ்டோரேஜிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இறங்கிய பிறகும் நிறுவல் தோற்பதற்கு இது ஒரு காரணம். மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த டேப்லெட்டில் தேதி தவறாக இருக்கலாம். தேதி தப்பினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பே மறுக்கப்படும். நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றுங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள். ஐபோனில் ஸ்டோரேஜ் பட்டியலில் இருக்கும் அப்டேட் கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்குங்கள். டவுன்லோடு அறுந்ததால் போன் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாத கோப்பைப் போன் நிறுவவே செய்யாது.

பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்த அப்டேட் உங்களுக்கு வராததும் பழுதில்லை. நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியிடுகின்றன.

நம்பிக்கை: கம்பெனி வேண்டுமென்றே போனை மெதுவாக்குகிறது.

இதை வெறும் புரளி என்று தள்ள மாட்டேன். தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை, 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 முதல் குறைத்துவந்ததை ஆப்பிள் அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் தந்தது. பயனாளரிடம் முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாதது பெரிய தவறு. 2018இல் இத்தாலியின் போட்டி ஆணையம், போன்களை மந்தமாக்கிய அப்டேட்களுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது.

ஆனால் அப்டேட் முடிந்த முதல் ஓரிரு நாட்களின் சூடும் சார்ஜ் இறக்கமும் வேறு வகை. போட்டோக்களையும் கோப்புகளையும் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலை பின்னணியில் நடக்கும், முடிந்ததும் அடங்கும். அப்டேட்டுக்குப் பின் திரையில் விழுவதாக நம் ஊரில் பேசப்படும் பச்சைக் கோடு, திரையின் கோளாறு. அப்டேட்டின்போது ஏறும் சூடு, ஏற்கெனவே பலவீனமான திரையில் அதை வெளிக்கொண்டுவரலாம். ஒன்பிளஸ், சாம்சங் இரண்டுமே இந்தியாவில் சில மாடல்களுக்கு இலவசமாகத் திரையை மாற்றித் தந்திருக்கின்றன. உங்களுக்கும் வந்தால் கடைக்குக் காசு கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

நம்பிக்கை: எதற்கு வம்பு, அப்டேட்டே வேண்டாம்.

மோசமான அப்டேட்கள் வந்ததுண்டு. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 போட்ட ஐபோன் 6 போன்களில் சிக்னலே போனது. ஆப்பிள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது. 2024இல் எம்4 ஐபேட் ப்ரோ சிலவற்றை ஐபேட்ஓஎஸ் 18 முடக்கியதால் அதையும் நிறுத்திவைத்தது. எனவே பெரிய பதிப்பு மாற்றத்துக்கு ஒரு வாரம் பொறுத்திருப்பது புத்திசாலித்தனம்.

பாதுகாப்பு அப்டேட்டுக்கு அந்தப் பொறுமை கூடாது. 2015இல் வெளிவந்த ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டையால், ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய முடிந்தது. கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தரத் தொடங்கியது அதன் பின்தான். 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14.8, பெகாசஸ் உளவு மென்பொருள் பயன்படுத்திய ஓட்டையை அடைத்தது. ஒரு லிங்கைக்கூட நீங்கள் தொடாமலே அந்த ஓட்டை வழியாகப் பெகாசஸ் உள்ளே வர முடிந்தது.

இயங்குதள அப்டேட் வழக்கமாகச் செட்டிங்ஸ் வழியாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற செயலிக் கோப்பாக வந்தால் அது திருட்டு.

இன்றிரவே போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரீசெட் பட்டனில் விரல் வைக்கும் முன் "பேக்கப் இருக்கா?" என்று வந்தவரிடம் ஒரு முறை கேளுங்கள்.