காற்று திரும்புவதற்குள் கரையேறுங்கள்

ஜவ்வாதுமலையிலிருந்து சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்த நகரத்தைத் தெரிந்துகொள்ள முதலில் நடங்கள், பிறகு சைக்கிள் எடுங்கள், கடைசியில் துடுப்பைத் தொடுங்கள். துடுப்பைத் தொடும் நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுகிறோம் என்பதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். என் வலது தோள் கெட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு ஊர் நெல்லிவாசல்நாடு. சாமைக் கொல்லைக்கும் ஓடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தே வளர்ந்தவள். சென்னையில் செவிலியர் வேலை. இரவுப் பணி முடிந்த காலை, இல்லாவிட்டால் வார விடுமுறை, இவைதான் எனக்கு வாய்க்கும் நேரம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். விடுதியில் மற்றவர்கள் விடுமுறைக்கு மாலுக்குப் போனார்கள், நான் ஆற்றங்கரைக்குப் போனேன். "சாக்கடையப் பாக்கவா போற?" என்று கேட்டார்கள். ஆமாம், அதைப் பார்க்கத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் எங்கள் மலையில் ஒருவரும் வீடு கட்ட மாட்டார்கள்.

முதலில் கால்

அடையாற்றில் தொடங்குங்கள். ஏறக்குறைய 42 கிலோமீட்டர்தான் அதன் நீளம். தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு, திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகப் பட்டினப்பாக்கம் அருகே கடலுக்குப் போகிறது. கூவத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அது நீளமானது. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊர்ப் பக்கம் அதன் தண்ணீரைப் பார்த்துவிட்டு நேப்பியர் பாலத்தடியில் பார்த்தால் மனசு கேட்காது.

ஆற்றை ஒட்டியே கடைசிவரை நடக்க முடியாது. மதில் வரும், ராணுவ நிலம் வரும், தனியார் காம்பவுண்டு வரும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் கட்டிப் போகிறது. அதனால் பாலத்துக்குப் பாலம் நடங்கள். ஒரு பாலத்தில் பேருந்தை விட்டு இறங்கி, தெருக்கள் வழியாக அடுத்த பாலத்துக்குப் போய், இரண்டிலும் நின்று தண்ணீரைப் பாருங்கள். இது முழு நடை ஆகாது என்று ஒரு நடைக்குழுக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். அடுத்தவர் சுவரை ஏறிக் குதிப்பதுதான் முழு நடை என்றால் எனக்கு அது வேண்டாம். நான் பாலத்துக்குப் பாலம் நடந்து தெரிந்துகொண்ட ஆறு, குதித்துப் போனவர்கள் படம் எடுத்து வந்த ஆற்றைவிடக் குறைந்ததில்லை.

காரணம், தெருக்களில் ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தைத் தண்ணீர் மூழ்கடித்தது. ஜாபர்கான்பேட்டையிலோ கோட்டூர்புரத்திலோ எந்த டீக்கடையிலும் கேளுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். வாடகைக்கு அறை பார்க்கும் முன்பு அந்தக் கையின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தரகரும் இதைச் சொல்ல மாட்டார்.

அடையாற்றின் முகத்துவாரத்தில் உடைந்த பாலம் என்று ஒன்று நிற்கிறது. மீனவர்களுக்காக 1967-இல் கட்டியது, 1977-இல் இடிந்தது. படம் எடுப்பதற்காக அதன்மேல் ஏறாதீர்கள். கீழே மணல்மேட்டில் நின்றாலே ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளுவது தெரியும். சில மாதங்களில் மணல் வாயை அடைத்துவிடும், சில மாதங்களில் திறந்திருக்கும். பின்னால் துடுப்பு போடப் போகிறவர்கள் முதலில் பார்த்து மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

செருப்பு, தண்ணீர், தொப்பி பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை இறங்கி ஏறிய கால்கள் உங்களுடையவை.

பிறகு சைக்கிள்

பழைய சைக்கிள் போதும். கியர் இல்லாத வண்டியோடு நான் வந்து நின்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். சென்னை சமதளம். மேம்பாலங்களையும் பரங்கிமலையையும் விட்டால் ஏற்றமே கிடையாது. கியருக்குச் செலவிடும் பணத்தை நல்ல டயருக்கும், பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கும், தலைக்கவசத்துக்கும் செலவிடுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பங்க்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

போக வேண்டிய வழிகளில் முதலாவது பக்கிங்காம் கால்வாய். இன்று அது கருப்புத் தண்ணீர், மயிலாப்பூர்ப் பக்கம் அதற்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஆனால் ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் படகு ஓடிய நீர்வழி அது. 1806-இல் நகருக்கு வடக்கே தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்த் துண்டு 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் கூலிக்கு வெட்டிய வாய்க்காலுக்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போன பயணத்தைப் பாடியதுதான். அதைப் படித்துவிட்டுக் கால்வாய்க் கரையில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை கிழக்குக் கடற்கரைச் சாலை. விடிவதற்கு முன்பே கிளம்பி ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் கார்கள் அந்தச் சாலையைத் தங்களுக்கென்றே எழுதி வாங்கியதைப்போல் ஓடும்.

மூன்றாவது நம் மலைக்காரர்களுக்கு. ஜவ்வாதுமலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் சேர்கிறது, அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. மாமல்லபுரத்தில் தங்கி மறுநாள் காலை அங்கே ஓட்டிப் போங்கள். பெரும்பாலும் மணல்தான் இருக்கும். இருந்தாலும் போங்கள். மேலே நம் கொல்லை ஓரத்தில் பெய்த மழை எங்கே வந்து முடிகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாகத் துடுப்பு

கூவத்திலும் அடையாற்றின் நகரப் பகுதியிலும் இறங்காதீர்கள். அது கழிவுநீர். நான் வேலை செய்யும் வார்டில் அதன் பலனைப் பார்த்திருக்கிறேன். அடையாற்றில் 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் துடுப்புப் படகு ஓட்டுகிறது, ஆனால் அது உறுப்பினர்களுக்கானது. நமக்கு சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் படகு இருக்கிறது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. ஆனால் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், நான் மெரினாவில் மாநகராட்சிக் குளத்தில் கற்றேன். ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகு ஏறியிருக்கிறேன் என்ற தைரியத்தில் வராதீர்கள். ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலோரக் கழியில் தண்ணீரும் காற்றும் ஒரே நாளுக்குள் திசை மாறும்.

இனி என் தோளின் கதை. பங்குனி மாதம். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கழியில் கயாக் ஓட்ட ஒரு குழுவோடு போனேன். குழுவையும் இடத்தையும் பெயர் சொல்லப் போவதில்லை. காலை ஆறரைக்கு இறங்குவது என்றுதான் பேச்சு. நான் ஆறு மணிக்கே போய் நின்றேன். குழுவை நடத்தியவர் எட்டரைக்கு வந்தார். பிறகு காலை உணவு, பிறகு படம், பிறகு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள் என்று காத்திருப்பு. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். அவர் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா, பத்தரைக்கு மேல காத்து கடல்லேருந்து அடிக்கும். தண்ணியும் ஏறுற நேரம். போறது சுகமா இருக்கும், வர்றதுதான் கஷ்டம்" என்றார்.

அப்படியே போய்ச் சொன்னேன். இன்று வேண்டாம், இல்லையென்றால் கரையோரமாகவே சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்றேன். தலைவர் கைப்பேசியை நீட்டிக் காட்டினார், காற்று குறைவு என்று அதில் போட்டிருந்ததாம். "மலைக்காரப் பொண்ணு, உனக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். குழுவில் நீந்தத் தெரியாத ஒரு பெண் இருந்தாள், என் விடுதித் தங்கை. அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் இறங்கினேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

போகும்போது பெரியவர் சொன்னபடியே சுகம். துடுப்பைத் தொடாமலே படகு மேற்கே போனது. தலைவர் பாட்டுப் பாடினார். திரும்பியபோது பதினொன்றைத் தாண்டியிருந்தது. தென்கிழக்கிலிருந்து காற்று நெஞ்சில் அடித்தது, ஏறும் நீர் கீழே பின்னுக்குத் தள்ளியது. துடுப்பை நிறுத்தினால் படகு வந்த வழியே போகும். விடுதித் தங்கை அழத் தொடங்கினாள். அவள் படகைக் கயிற்றால் என் படகோடு கட்டி இழுத்தேன். வலது தோளில் ஏதோ பிசகியது அங்கேதான். கரை நேராகக் கிடைக்காது என்று தெரிந்ததும், பக்கவாட்டில் ஒதுங்கிச் சேற்றில் இறங்கி, படகைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தோம். தலைவரை மீனவர்களின் படகு வந்து இழுத்துக்கொண்டு போனது.

எனக்கு மிஞ்சியது தசைநார்க் கிழிசல், சம்பளம் இல்லாத விடுப்பு, பிசியோதெரபி செலவு. நோயாளியைத் தூக்கிப் புரட்டுவது என் பிழைப்பு, தோள் போனால் அது போனது. குழுவில் பிறகு தலைவர் சொன்ன விளக்கம்: "எதிர்பாராத காற்று." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது எதிர்பாராத காற்றே அல்ல. வெயில் ஏறினால் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், சூடான காற்று மேலே எழும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். பங்குனி, சித்திரையில் சென்னைக் கரையில் இது அநேகமாக அன்றாடம் நடப்பது. எங்கள் மலையிலும் இதே கணக்குதான். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலேறும், இரவில் குளிர்ந்து கீழே இறங்கும். களத்தில் சாமை தூற்றிய எந்தப் பெண்ணுக்கும் காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். மலைக்காரப் பொண்ணுக்குத் தெரிந்தது அதுதான். அவருக்குத் தெரியாததும் அதுதான்.

ஆகவே இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குக் கரையேறுங்கள். ஆனி, ஆடியில் காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அந்த மாதங்களில் முகத்துவாரத்துப் பக்கமே போகாதீர்கள், திறந்த வாய் வழியாகக் கடலுக்கே தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துடுப்பையே எடுக்காதீர்கள்.

ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். நாள்காட்டியில் திதி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமே இல்லை.

போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். லைஃப் ஜாக்கெட்டின் வார்களைக் கரையிலேயே இழுத்துக் கட்டுங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் கழன்று வரக் கூடாது. வாடகைக்காரர் கிழிந்ததைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கைப்பேசியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் பாருங்கள். ஆனால் கரையில் வலையோடு உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். அண்ணா, தாத்தா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லாதவர் யாரும் இல்லை.

இப்போது விடுதிப் பெண்களை நானே அழைத்துப் போகிறேன். தாமதமாக வருபவருக்காகக் காத்திருப்பதில்லை. கடுமையாக இருக்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள், சொல்லட்டும். நீங்கள் வேறு யாரோடு போனாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கரையேறுவோம்? பதில் "பாத்துக்கலாம்" என்று வந்தால் சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டுங்கள். கரையில் நின்றுவிட்ட யாருக்கும் தோளில் கட்டுப் போட்டதாக எங்கள் வார்டில் பதிவு இல்லை.