பிள்ளையைத் திடலுக்கு அனுப்பும் முன்

பத்து காஜாவில் சிறுவர் காற்பந்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது வானத்தை. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். 2016 ஏப்ரலில் மலாக்காவில், பயிற்சியின்போது மின்னல் தாக்கிய 18 வயது ஆஸ்திரேலிய கோல் காவலர் அடுத்த மாதம் இறந்துபோனார். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே பிள்ளைகள் திடலில் இறங்கலாம். மரத்தடியும் கூடாரமும் ஒதுங்கும் இடமல்ல. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். பாதியில் நின்ற ஆட்டத்தை அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம்.

தூக்கி வைக்கும் கோல் கம்பம் தரையோடு இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே அசைத்துப் பாருங்கள். அதில் யாரும் தொங்கக் கூடாது.

ஷின் கார்ட் கட்டாயம். தோடு, சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மேலே டேப் ஒட்டி மறைப்பதையும் காற்பந்து ஆட்ட விதி 4 அனுமதிப்பதில்லை. கையில் கட்டிய கோயில் கயிற்றை நடுவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் அன்று மறுபடி ஆடவே கூடாது. வாந்தி, மயக்கம் என்றால் உடனே 999.

த்ரோ-இன், கார்னர், கோல் கிக் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைட் இல்லை. இது தெரியாமல் கோட்டோரம் நின்று நடுவரைத் திட்டாதீர்கள், அப்பாமார்களே. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.