டி-சர்ட் வாங்கப் போகிறீர்களா?

டி-சர்ட் பின்னல் துணியால் ஆனது. திருப்பூரில் ஏராளமாகத் தயாராகிறது. பருத்திப் பின்னல் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும். அதனால் இறுக்கமாக வாங்க வேண்டாம். வாங்கினால் உழைத்த காசு வீண்.

கடையில் இவற்றைப் பாருங்கள்:

1. தோள் தையல் தோளின் முனையில் நிற்க வேண்டும்.

2. கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள். அது தொய்யக் கூடாது.

3. உட்புறத்தைத் திருப்புங்கள். தையல் பிரிந்திருக்கக் கூடாது.

4. பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். முறுக்கிய சட்டை துவைத்தால் இன்னும் முறுக்கும்.

சில சட்டைகளின் கழுத்துச் சீட்டில் 90, 95 என்று எண் இருக்கும். அது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டர் கணக்கு. ஆனால் ஒரே எண்ணுள்ள சட்டைகளும் ஒரே அளவாக இருப்பதில்லை.

வீட்டில் நன்றாகப் பொருந்தும் சட்டையை விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து பாருங்கள். அளவை எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையிலும் அப்படியே அளந்து பார்த்து வாங்குங்கள்.