கேட்டவர் ஒருவர், செய்பவர் ஒருவர்

1996 நவம்பர் 12. டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும், டில்லிக்கு வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மரணித்தனர்.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி, மற்றதற்கு 15,000 அடி என்றுதான் கட்டுப்பாட்டு நிலையம் சொல்லியிருந்தது. கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அதில் வானொலியில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். ஆங்கிலம் சரியாக விளங்காததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நமது கடைகளிலும் போனில் ஓடர் எடுப்பவர் ஒருவர், மூட்டை ஏற்றுபவர் இன்னொருவர். அறுபது மூட்டை எழுபதாகிவிடும். குறிஞ்சாக்கேணியிலிருந்து கொழும்பு போன லொறியில் பத்து மூட்டை திரும்பி வந்தால் அந்தக் கூலி யார் தலையில்?

விமானி, கிடைத்த கட்டளையைத் திருப்பிச் சொல்வார். நிலையத்தார் கேட்டு, பிழையிருந்தால் திருத்துவார். வியாபாரிகளே, நாமும் பொருள், அளவு, விலை, நாள் நான்கையும் திருப்பிச் சொல்வோம். பிறகு துண்டில் எழுதி, ஏற்றுபவர் கையிலேயே கொடுப்போம். "சரி, சரி" என்று போனை வைப்பது பதிலாகாது.