சாப்பிட்டதும் படபடப்பா?

இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களில் வயிற்றைப் பிசைந்து, வியர்த்து, பேதியானால் பலர் உணவு கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல், உணவு இறங்கும் வேகத்தில் இருக்கிறது. சிறிதாக்கப்பட்ட இரைப்பையிலிருந்து சர்க்கரை சட்டென்று சிறுகுடலுக்குள் போக, ரத்தத்திலிருந்து நீரும் அங்கே பாய்கிறது. ஆகவே மாத்திரையைத் தேடுமுன் தட்டைக் கவனியுங்கள்: முதலில் முட்டை, மீன், பனீர் அல்லது பருப்பு, பிறகு காய், சோறு கடைசியில், கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீரும் மோரும் வேண்டாம். உடல் வறளாதா என்றால், அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காக நாள் முழுவதும் குடிக்கலாம். பழச்சாறு இயற்கையானது என்று சலுகை காட்டாதீர்கள். குடலுக்கு அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

1 முதல் 3 மணி நேரம் கழித்துக் கை நடுங்கும்போது இனிப்புதானே காப்பாற்றுகிறது என்று கேட்கலாம். உண்மைதான். அதிகமாகச் சுரந்த இன்சுலின் சர்க்கரையைக் கீழே இறக்கியிருக்கும். அப்போது கொஞ்சம் குளுக்கோஸ் அவசியம். ஆனால் அதோடு நிறுத்தினால் இன்சுலின் மறுபடி எகிறும். நடுக்கம் அடங்கியதும் புரத உணவு கொஞ்சம் சாப்பிடுங்கள். மயக்கம், விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி இருந்தால் இந்தக் குறிப்புகளை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.