குழந்தைகளுக்கு ஏற்படும் மலக்குடல் பிதுக்கம்

மலம் கழித்த குழந்தையைக் கழுவிவிடும்போது, ஆசனவாயிலிருந்து செந்நிறச் சதை வளையம்போல் வெளிவந்திருப்பதைக் கண்டால் பெற்றோர் பதறுவது இயல்பே. பலர் இதனை மூலம் எனக் கருதுகின்றனர். சிறு குழந்தைகளுக்கு மூலம் வருவது அரிது. பெரும்பாலும் இது மலக்குடலின் உட்சவ்வு வெளியே பிதுங்குவதாகும்.

ஏன் ஏற்படுகிறது?

1 முதல் 4 வயது வரை இது மிகுதியாகக் காணப்படுகிறது. அவ்வயதில் மலக்குடல் ஏறத்தாழ நேர்க்குத்தாக அமைந்திருக்கும். உட்சவ்வும் தளர்வாக இருக்கும். மலச்சிக்கலால் முக்குதல், நீடித்த வயிற்றுப்போக்கு, ஊட்டச்சத்துக் குறைவு, குடற்புழுக்கள் ஆகியவை பிதுக்கத்தைத் தூண்டுகின்றன.

உடனே செய்ய வேண்டியவை

பல வேளைகளில் குழந்தை எழுந்து நின்றதும் அது தானாகவே உள்ளே சென்றுவிடும். செல்லாவிடில், தூய ஈரத்துணியால் மூடிக் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மீண்டும் நேர்ந்தால் உள்ளே தள்ளும் முறையை மருத்துவர் உங்களுக்குக் கற்பிப்பார்: கைகளைக் கழுவி, கையுறை அணிந்து, வாசலின் தடவி, குழந்தையின் முழங்கால்களை மார்போடு மடக்கி, சில நிமிடங்கள் மென்மையாகவும் சீராகவும் அழுத்த வேண்டும். வலிந்து தள்ளுதல் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, உப்பு போன்றவற்றைத் தடவுதலும் கூடாது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

வெளிவந்த பகுதி கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ கருமையாகவோ மாறுதல், உள்ளே செல்லாமை, மிகுந்த இரத்தப்போக்கு, கடும் வலி ஆகியன அவசரநிலைகள். விட்டுவிட்டு வீறிட்டழுதல், வாந்தி, இரத்தமும் சளியும் கலந்த மலம் ஆகியவை குடல் செருகலைக் குறிக்கலாம், அதுவும் அவசரநிலையே. உருண்டையான ஒற்றைச் சதைக்கட்டி தொங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீண்டும் வராதிருக்க

உள்ளே தள்ளுவது தற்காலிகத் தீர்வே. முக்குதலை நிறுத்துவதே உண்மையான சிகிச்சை. போதிய நீர், கீரை, காய்கறி, பழங்கள் கொடுங்கள். மருத்துவர் தந்த மலமிளக்கியை, மலம் இளகியதும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநேரம் உட்கார வைக்காமல், பாதங்கள் ஊன்றும்படி சில நிமிடங்கள் மட்டுமே உட்கார வையுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இருமுறை வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். எடை கூடாமலும் அடிக்கடி நெஞ்சுச்சளியோடும் இருக்கும் குழந்தைக்குக் கூடுதல் பரிசோதனைகள் தேவைப்படலாம்.

பெரும்பாலான குழந்தைகள் அறுவைச் சிகிச்சையின்றியே நலம் பெறுகின்றனர். 4 வயதுக்குப் பின்னும் தொடர்ந்தால் ஊசி வழிச் சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம். குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள், அச்சத்தால் மலத்தை அடக்கினால் சிக்கல் மேலும் வளரும்.