ஸ்பிரிங் சரியானதா? இரண்டு அளவுகள் சொல்லும்

செரண்டாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில், மழைக்குப் பின் லோரிச் சக்கரங்கள் ஆழமான தடங்களை விட்டுச் செல்லும். அத்தகைய பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்புற ஸ்பிரிங் மிக மென்மையாக இருந்தால், பள்ளத்தில் அது முழுவதும் அமுங்கி, அடி நேராக வண்டிச் சட்டத்தில் விழும். மிக விறைப்பாக இருந்தால் சக்கரம் துள்ளி எழும். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை உந்தவும் முடியாது; பிரேக் பிடித்து நிறுத்தவும் முடியாது.

சரியான ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? படிவம் 5 இயற்பியலில் வரும் ஹூக் விதி போதும்.

விசை = சுருள்வில் மாறிலி × அமுங்கிய நீளம்

மாறிலி பெரிதானால் ஸ்பிரிங் விறைப்பானது. கம்பியின் தடிப்பு, சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகம் ஆகியவையே அதை முடிவு செய்கின்றன. மற்றவை மாறாமல் கம்பியின் தடிப்பு மட்டும் இரு மடங்கானால், மாறிலி 16 மடங்காகும்!

அளக்கும் முறை

பின் அச்சிலிருந்து, அதற்கு நேர் மேலே உள்ள ஒரு புள்ளி வரை மூன்று முறை அளக்க வேண்டும்.

1. வண்டியைத் தூக்கி, பின்சக்கரம் தொங்கும்போது.
2. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது.
3. தலைக்கவசம், காலணியுடன் ஓட்டுநர் அமர்ந்திருக்கும்போது.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ‘வெறும் இறக்கம்’. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ‘ஓட்டுநர் இறக்கம்’. பின்சக்கரம் சுமார் 300 மி.மீ. மேலும் கீழும் அசையக்கூடிய கரடுமுரடுப் பாதை வண்டிகளில், ஓட்டுநர் இறக்கம் ஏறத்தாழ 100 மி.மீ., வெறும் இறக்கம் 30 முதல் 40 மி.மீ. இருப்பது நல்லது. கப்சாயில் அசைவு குறைவு என்பதால் எண்கள் மாறும், முறை மாறாது.

நட்டை இறுக்கினால் போதுமா?

ஸ்பிரிங்கின் மேலுள்ள நட்டை இறுக்கினால் அது விறைப்பாகிவிடும் எனப் பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. வண்டி சற்று உயரும், மாறிலி மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு: பின்சக்கரத்தில் அளந்தால் மாறிலி 1 மி.மீ.க்கு 8 நியூட்டன் என்போம். ஓட்டுநர் எடையில் 640 நியூட்டன் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. அவர் அமர்ந்ததும் வண்டி 640 ÷ 8 = 80 மி.மீ. இறங்கும். வெறும் இறக்கம் 40 என்றால், ஓட்டுநர் இறக்கம் 120. இது அதிகம். நட்டை இறுக்கி 120-ஐ 100 ஆக்கலாம். ஆனால் வெறும் இறக்கமும் 20 ஆகிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதே 80!

எனவே, ஓட்டுநர் இறக்கத்தைச் சரிசெய்த பிறகு வெறும் இறக்கம் மிகக் குறைவாக இருந்தால், அந்த ஸ்பிரிங் அவருக்கு மென்மையானது. மிக அதிகமாக இருந்தால் விறைப்பானது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். மென்மையான ஸ்பிரிங்கை அதிகமாக இறுக்க வேண்டியிருப்பதால், ஆள் இறங்கியதும் அது வண்டியை மேலே தள்ளிவிடுகிறது என்பதே காரணம்.

நீங்களே கணக்கிடுங்கள்

வெறும் இறக்கம் 35 மி.மீ., ஓட்டுநர் இறக்கம் 105 மி.மீ., பின்சக்கரத்தில் விழும் ஓட்டுநர் எடை 560 நியூட்டன். மாறிலி எவ்வளவு? நட்டை இறுக்கி 105-ஐ 100 ஆக்கினால் ஸ்பிரிங் பொருந்துமா?

விடை: 560 ÷ 70 = 8 நியூட்டன்/மி.மீ. வெறும் இறக்கம் 30 ஆகும், பொருந்தும்.